முள் அசையாத தராசு

அத்தியாயம் 5

“ஒரு பொய் எவ்வளவு நிறை வரும், டீச்சர்?” என்று கேட்டான் மர்சூக்.

“நூற்றிப் பதினைஞ்சு கிராம்,” என்றாள் அன்னப்பூரணி.

மர்சூக் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். காத்தான்குடியில் பிறந்து, மட்டக்களப்பு ரவுணில் ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன். ஐந்து வருடமாக டீச்சரின் துப்பு வேலைகளுக்குச் சாரதி, காவல், கையாள் எல்லாம் அவன்தான். நக்கலாக எதையாவது கேட்டால் டீச்சர் ஒன்றில் முறைப்பாள், இல்லாவிட்டால் காது கேட்காதவள் போல வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிராம் கணக்கில் பதில் வந்தது இதுதான் முதல் தடவை.

“எல்லாப் பொய்யும் அவ்வளவுதானா?”

“நோர்வேயில இருந்து பெட்டியில வந்த பொய்யெண்டா அவ்வளவுதான்.”

அன்னப்பூரணி ஒரு காலத்தில் பௌதிகவியல் படிப்பித்தவள். துப்பறிய வேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை, பாண் வாங்கிவர சைக்கிளில் போன அவளுடைய கணவர் திரும்பி வரவில்லை. அவரைத் தேடி அவள் ஏறாத படி இல்லை, கேட்காத ஆள் இல்லை. அவர் கிடைக்கவில்லை. ஆனால் தேடிய தேடலில் மற்றவர்கள் தொலைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் பட்டது. ஊரார் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். சொந்த வீட்டு வழக்கில் மட்டும் ஒரு நூல்கூட அகப்படாத கெட்டிக்காரி. மகள் கனடாவில். வீட்டில் இவளும் ஒரு வானொலிப் பெட்டியும்தான்.

நேற்றுக் காலை சின்னத்தங்கம் வந்திருந்தாள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவுக்கு அப்பால் உள்ள ஒரு வயல் வட்டையில் குடியிருக்கிறவள். கலியாணம் முடித்து ஒரு வருடத்தில் நோர்வேக்குப் போன அவள் புருஷன் சீனித்தம்பி, பதினேழு வருடத்துக்குப் பிறகு வந்து இறங்கியிருக்கிறான். அல்லது சீனித்தம்பி என்று சொல்லிக்கொண்டு எவனோ ஒருவன் வந்து இறங்கியிருக்கிறான்.

“போகேக்க இருவத்திநாலு வயசு, டீச்சர். அடர்ந்த தலைமயிர், சிரிச்சாக் கன்னத்தில குழி விழும். வந்திருக்கிற ஆளுக்குத் தலை வழுக்கை, பல்லு பாதி இல்ல, சிரிக்கிறதே இல்ல. ஊரில பாதிப் பேர் அவர்தான் எண்டுறாங்க, பாதிப் பேர் இல்ல எண்டுறாங்க. நான் பொஞ்சாதி, எனக்குத் தெரியோணும். எனக்குத் தெரியல்லயே.”

“குரல்?”

“வருஷத்துக்கு ஒருக்கா ஆரும் ஆளிட்ட ஒரு கசட் குடுத்து விடுவார். பனி கொட்டுது, குளிருது எண்டு பேசியிருப்பார். திருப்பித் திருப்பிக் கேட்டு எல்லாம் இழுபட்டுப் போச்சு. இப்ப போட்டா ஆரோ கிணத்துக்குள்ள நிண்டு பேசுற மாதிரி.” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “அண்ணன் சொல்றான், ஆள் வேறயெண்டா உளவு பாக்க வந்தவன்தான், இயக்கப் பொடியன்மாரிட்டக் குடுக்கோணும் எண்டு. நாளைப் பின்னேரம் ஊர்ப் பெரியவங்களோட வந்து கேப்பான். நான் ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா...”

அவள் முடிக்கவில்லை. சமாதானம் கையெழுத்தாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வசனத்தை முடித்துச் சொல்லித்தான் விளங்க வேண்டிய ஆள் மட்டக்களப்பில் ஒருவரும் இல்லை.

எழும்பிப் போகும்போதுதான் சின்னத்தங்கம் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். வந்தவன் ஒரு பெரிய பெட்டியும் ஒரு கொழுக்கித் தராசும் கொண்டுவந்திருந்தான். பெட்டி நிறைய இரும்பும் எவர்சில்வரும். அவள் முந்தி ஆசைப்பட்டுக் கேட்ட தையல் மெசின் ஒன்றும் அதற்குள் இருந்தது. கட்டவிழ்க்க முதல், எல்லார் முன்னாலும் பெட்டியைத் தராசில் கொழுவித் தூக்கிக் காட்டினானாம். ‘நோர்வேயில கட்டேக்க இதே தராசில சரியா முப்பது கிலோ. இஞ்சயும் முப்பது. முள் அசையல்ல. வழியில ஆரும் கை வைக்கல்ல’ என்றானாம்.

அன்னப்பூரணி இரவு முழுக்க அந்த முள்ளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அசையாட்டி நல்லதுதானே?” என்றான் மர்சூக். “களவு போகல்ல எண்டுதானே அர்த்தம்?”

“அசைஞ்சிருந்தாத்தான் நல்லம். கடையில இருக்கிற தட்டுத் தராசைப் பாத்திருக்கிறாய்தானே? ஒரு தட்டில சாமான், மற்றதில படிக்கல். பூமி சாமானை இழுக்கிற மாதிரித்தான் கல்லையும் இழுக்கும். எந்த நாட்டுக்குக் கொண்டு போனாலும் ரெண்டும் ஒண்டாக் கூடும், ஒண்டாக் குறையும். வித்தியாசம் தெரியாது. ஆனா இது விற்றராசு. உள்ளுக்க ஒரு சுருள் கம்பிதான். பூமி இழுக்கிற இழுவையை அப்படியே காட்டும்.”

“பூமி ஆளுக்கு ஆள் பாத்தா இழுக்குது?”

“இடத்துக்கு இடம் பாத்து இழுக்குது. பூமி உருண்டைதான், ஆனா நடுவில கொஞ்சம் வயிறு தள்ளின உருண்டை. உன்னைப் போல.”

மர்சூக் சேட்டை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டான்.

“நாங்க இருக்கிறது அந்த வயிற்றில. பூமிட நடு மையத்தில இருந்து எங்களுக்குத் தூரம் கூட. பூமி சுத்துற வேகமும் இஞ்சதான் கூட. அதால இழுவை குறைவு. நோர்வே வடதுருவத்துக்குக் கிட்ட. அங்க இழுவை கூட. அங்க முப்பது காட்டின பெட்டி, இஞ்ச அதே தராசில நூற்றிப் பதினைஞ்சு கிராம் குறைவாக் காட்டோணும். அந்தத் தராசில கிலோவுக்குப் பத்துக் கோடாம். முள் ஒரு கோட்டுக்கு மேல இறங்கி நிக்கோணும்.”

“அப்ப டொக்டர் என்னைப் பாரம் குறைக்கச் சொன்னதுக்கு நான் சுகமா இஞ்சயே இருக்கலாம். நோர்வேக்குப் போகாம இருந்தாச் சரி.”

“உன்ட திணிவு எங்க போனாலும் அதேதான். நிறைதான் மாறும். நீ தராசை ஏமாத்தலாம், டொக்டரை ஏமாத்த ஏலாது.”

“ஆக மொத்தம் இந்த மாப்பிள்ளை நோர்வேயைக் கலண்டரிலதான் பாத்திருக்கார்.”

“அவசரப்படாத. தராசு இறுகிப்போயும் இருக்கலாம். அதுக்குத்தான் சவர்க்காரம்.”

அவளுடைய பையில் நூறு கிராம் சவர்க்காரக்கட்டி ஒன்று இருந்தது. வலையிறவுப் பாலத்துக் காவலரணில் சிப்பாய் அதை எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மர்சூக்கை மட்டும் இரண்டு தடவை பார்த்தான். பாலம் தாண்டியதும் மர்சூக்கின் வாய் தானாக அடங்கிவிட்டது. வெள்ளாமை வெட்டி முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தன.

“இந்தப் பக்கம் நான் வந்து பன்னிரண்டு வருஷம், டீச்சர்,” என்றான். “வாப்பாக்கு இஞ்ச வயல் இருந்த. எது எண்டு இப்ப எனக்கே தெரியா.”

முஸ்லிம் சனம் இந்த வயல்களை விட்டு ஓடிய தொண்ணூறாம் ஆண்டு அது. அந்த வருடத்தை அன்னப்பூரணியும் அறிவாள்.

சின்னத்தங்கத்தின் வளவில் அந்த மனிதன் ஒரு பலாமரத்தின் கீழ் குந்தியிருந்து தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஒல்லியான, கூனல் விழுந்த உடம்பு. தராசு மரக்கொப்பில் தொங்கியது.

“வணக்கம், தம்பி. நான் தங்கத்தைத் தெரிஞ்ச டீச்சர். நல்ல தராசு. நோர்வேயில வாங்கினதோ?”

“ஓம்,” என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல்.

“பெட்டி சரியா முப்பது நிண்டதாமே? அங்கயும், இஞ்சயும்?”

“ஓம். சரியா முப்பது.” இதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்தான். அந்த ஒன்றில் அவனுக்கு ஏதோ பெருமை இருந்தது.

அவன் எண்ணெய்ப் போத்தலை உள்ளே வைக்கப் போன நேரத்தில் அன்னப்பூரணி மெசினைக் கொழுக்கியில் மாட்டினாள். முள் ஏறி நின்றது. அதன் மேல் சவர்க்காரத்தை வைத்தாள். முள் சரியாக ஒரு கோடு நகர்ந்தது. எடுத்தாள். ஒரு கோடு திரும்பி வந்தது.

“தராசு சுத்தம்,” என்றான் மர்சூக் மெதுவாக. “ஆள்தான் அழுக்கு.”

கிணற்றடியில் வைத்து அன்னப்பூரணி சின்னத்தங்கத்திடம் விஷயத்தைச் சொன்னாள். “தங்கச்சி, இவர் நோர்வேயில இருந்து வரல்ல. அந்தப் பெட்டி அங்க நிறுக்கப்படல்ல.”

சின்னத்தங்கம் வாளிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். “அப்ப இது அவர் இல்ல.”

“இன்னும் ஒண்டு பாக்கோணும். உங்கட புருஷன் வட்டைக்காரன்தானே? களத்தில நெல்லுச் சூடு மிதிச்சவர்தானே?”

“எங்கட அப்பாவோட ஒரு போகம் முழுக்கக் களத்தில நிண்டவர். அடுத்த மாசம் அப்பா செத்துப்போனார். என்ட சீதன வயலை வித்துத்தான் அவர் வெளிநாடு போன. களம் மட்டும் வளவோட சேந்து கிடக்கு, அந்தா.”

நெல்லுக் களத்தில் வாயில் வரக்கூடாத சொற்கள் உண்டு. ‘குறையுது’ என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் களத்தில் குவிந்த நெல்லாகிய பொலி கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது படுவான்கரைச் சனத்தின் எண்ணம். நிறை போதாவிட்டால் ‘பொலியட்டும்’ என்பார்கள், அல்லது அந்தந்தக் களத்தில் வழங்கும் வேறு ஒரு சொல்லைச் சொல்வார்கள். ரவுணில் வளர்ந்தவனுக்கு இது தெரியாது. வந்தவன் நாக்கில் ‘குறையுது’ என்று வந்தால் வழக்கு முடிந்தது என்று அன்னப்பூரணி நினைத்தாள். பின்னேரம் வருகிறவர்களுக்கு என்ன சொல்வது, ஒரு பொய்க்காரனை அவன் உயிரோடு எப்படிப் பாலம் தாண்டிக் கொண்டுபோவது என்றுகூட அவள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

சின்னத்தங்கம் அருவி வெட்டி, கதிர் அறுத்த கூலியாகப் பெற்ற அரைச்சாக்கு நெல் வீட்டில் இருந்தது. வயற்காரர் முப்பது கிலோ என்று நிறுத்துக் கொடுத்தது. மர்சூக் அதிலிருந்து ஒரு கொத்து நெல்லை ஒருவருக்கும் தெரியாமல் அள்ளிப் பானையில் போட்டுவிட்டு, சாக்கைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

“மச்சான், ஒரு கை பிடிங்க,” என்று வந்தவனைக் கூப்பிட்டான். “டீச்சருக்கு ஆட்டோவில ஏத்தோணும். முப்பது நிக்குதா எண்டு பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண் மட்டு. போன மாசம் மாமியை மனுஷி எண்டு நினைச்சுக் கையைப் பிடிச்சுட்டன்.”

அந்த மனிதன் சிரிக்கவில்லை. தராசை எடுத்துக்கொண்டு வந்தான். களத்தின் விளிம்பில் நின்றான். செருப்பைக் கழற்றினான். கழற்றியதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. களத்தில் செருப்போடு ஏறாத அந்த வட்டைக்காரர் பழக்கத்தை அன்னப்பூரணி கவனித்தாள்.

மர்சூக் ஒரு தடியைத் தோளில் வைத்துத் தராசைத் தாங்க, அவன் சாக்கைக் கொழுவி நிலத்தை விட்டு எழுப்பினான். முள் இருபத்தொன்பதைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முப்பதுக்குப் போகவில்லை. அவன் சாக்கைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் முள்ளைப் பார்த்தான்.

“மிச்சத்தைத் தங்கம் கொண்டருவா,” என்றான், சாக்கிடம் சொல்வது போல.

“எந்தத் தங்கம்?” என்றான் மர்சூக். “நாங்க கேட்ட நெல்லுத்தானே, தங்கமெல்லாம் தந்தா வேணாம் எண்டு சொல்ல மாட்டன்.”

பின்னால் சத்தம் கேட்டு அன்னப்பூரணி திரும்பினாள். சின்னத்தங்கம் களத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு ஒன்று மட்டும் விளங்கியது. தன் கணிப்புத் தவறிவிட்டது.

“நான் பிறந்த வருஷம் வெள்ளாமை பிழைச்ச,” என்றாள் சின்னத்தங்கம். கையால் களத்து மண்ணைத் தொட்டாள். “அளக்கேக்க நெல்லுக் காணல்ல. அப்பா என்னைக் கையில வச்சிட்டு, மிச்சத்தைத் தங்கம் கொண்டருவா எண்டு சொன்னவராம். மறுகா எங்கட களத்தில அதுதான் சொல்லு. வேற ஒரு களத்திலயும் இல்ல. அப்பா, அண்ணன், இவர். இவங்க மூணு பேரும்தான் இஞ்ச நிண்டு சொன்னவங்க. நானே மறந்துட்டன், டீச்சர். பதினேழு வருஷமா இந்தக் களத்தில நெல்லு விழல்ல.”

அந்த மனிதன் சாக்கை மெதுவாக இறக்கி வைத்தான். எதைச் சொன்னோம் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“தம்பி,” என்றாள் அன்னப்பூரணி, “நீங்க சீனித்தம்பிதான். நான்தான் பிழைச்சுப்போனன். ஆனா தராசு பிழைக்கல்ல. நோர்வேயில கட்டின பெட்டி இஞ்ச முப்பது காட்டாது. எங்க தம்பி இருந்தீங்க?”

அவன் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தான்.

“கொழும்பில.”

சின்னத்தங்கம் தலையை நிமிர்த்தினாள்.

“புறக்கோட்டையில ஒரு வெங்காயக் கடை. நிறுக்கிற வேலை. தராசும் அங்கத்தையதான். பெட்டியை பஸ்ஸில ஏத்தமுதல் கடை வாசலில வச்சு நிறுத்தன், முப்பது நிண்ட. அது உண்மை, டீச்சர். இடத்திட பேரை மட்டும்தான் மாத்திச் சொன்னன்.” அவன் கையில் ஒட்டிய நெல்லுத் தூசியைத் துடைத்தான். “வெளிநாடு அனுப்புறன் எண்டவன் பாஸ்போட்டோட ஓடிட்டான். அவட சீதன வயலை வித்துப்போட்டு எந்த முகத்தோட வாற? அடுத்த மாசம் போவம், அடுத்த வருஷம் போவம் எண்டு இருந்தன். நோர்வே எண்டு ஒரு கசட் பேசி அனுப்பினன். மறுகா அதிலயிருந்து இறங்கத் தெரியல்ல. வெங்காயச் சாக்குக்கு நடுவில இருந்து, வேர்க்க வேர்க்க, பனி கொட்டுது எண்டு பேசுவன்.”

கொழும்பு. இரவு ரயிலில் ஏறினால் விடியக் கண்டுவிடலாம். ரயில் ஓடாத காலத்திலும், பாதை திறந்த நாட்களில் ஒரு பகல் பஸ்தான். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் பூமி ஒரே அளவாகத்தான் இழுக்கிறது, முள் அசைய நியாயமே இல்லை.

சின்னத்தங்கம் எழுந்து வந்தாள். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை அள்ளி அவன் நெஞ்சில் எறிந்தாள். இன்னும் ஒரு பிடி. இன்னும் ஒன்று. அவன் நகரவில்லை.

“மார்கழி மழைக்க நான் போர்வை போத்தமாட்டன், தெரியுமா?” என்று கத்தினாள். “அவர் அங்க பனிக்க நிக்கிறார், எனக்கென்ன இஞ்ச குளிர் எண்டு. சோத்தில கை வைக்கமுதல் அங்க இப்ப என்ன நேரம் எண்டு பாப்பன். இல்லாத ஊருக்கு நேரம் பாத்திருக்கன் நான்! கொழும்பிலயும் மழை பெய்ஞ்சதா?”

“பெய்ஞ்ச,” என்றான் சீனித்தம்பி. “நான் படுக்கிற இடம் ஒழுகும்.”

அவள் எறிய ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்போதுதான் படலை கிரீச்சிட்டது. அவளுடைய அண்ணன் முன்னால் வந்தார். பின்னால் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கும் பின்னால் வேலியோடு ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் வந்த இளைஞன் இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தான். மர்சூக் தோளில் இருந்த தடியை இறுக்கிப் பிடித்தான்.

“தங்கச்சி,” என்றார் அண்ணன். “பொழுது படுகுது. ஆள் ஆர்?”

அன்னப்பூரணி சின்னத்தங்கத்தைப் பார்த்தாள். இது டீச்சர் சொல்ல வேண்டிய பதில் அல்ல. ஒரு வார்த்தையில் அந்தப் பெண் பதினேழு வருடத்துக்கும் சேர்த்துப் பழி வாங்கலாம். யார் அவளைக் குற்றம் சொல்ல முடியும்?

சின்னத்தங்கம் கையிலிருந்த நெல்லைக் கீழே போடவில்லை. சாக்கிலேயே திருப்பிப் போட்டாள்.

“என்ட புருஷன்தான்,” என்றாள். “குறைஞ்சுதான் வந்திருக்கார், அண்ணே.”

களத்தில் நின்றுகொண்டு அவள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். அண்ணன் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“மிச்சத்தைத் தங்கம் கொண்டருவா.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு படலைப் பக்கம் திரும்பி, போகலாம் என்று கையைக் காட்டினார். மோட்டார் சைக்கிள் உறுமி, ஒழுங்கையில் தூசி கிளப்பிக்கொண்டு போனது.

திரும்பி வரும்போது பாலத்தடியில் சோதனைக்கு வாகனங்கள் வரிசையாக நின்றன. வாவி சிவந்து கிடந்தது. அக்கரையில், எழுவான்கரையில், வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக ஏறின. அதில் ஒன்றும் அவள் வீட்டு வெளிச்சம் இல்லை. அன்னப்பூரணிக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. அதை அவள் தனக்குள் மறைக்கவும் இல்லை. சண்டை பிடிக்கச் சின்னத்தங்கத்துக்கு ஒரு ஆள் இருந்தது, நெல் எறிய ஒரு நெஞ்சு இருந்தது.

மர்சூக் ஆட்டோவின் இயந்திரத்தை நிறுத்தினான்.

“டீச்சர்,” என்றான், முன்னால் பார்த்தபடியே. “சேர் ஒரு நாளைக்குப் படலையைத் திறந்து வந்து, பாண் கடையில சரியான சனம், அதுதான் சுணங்கிட்டன் எண்டு சொன்னா என்ன செய்வீங்க?”

முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

“அந்தப் பொய்யை நிறுக்கமாட்டன், மர்சூக்,” என்றாள் அன்னப்பூரணி. “தேத்தண்ணி போடுவன்.”

மர்சூக் கண்ணைத் துடைத்துவிட்டு ஆட்டோவை எடுத்தான்.